தாண்டும் பரி

தில்லியில் வாழும் தமிழர்களுக்குச் சாணக்யபுரி என்னும் பெயர் புதியதன்று. அயல்நாட்டுத் தூதரகங்கள் வரிசையாக அமைந்துள்ள அப்பகுதி, நாடு விடுதலை பெற்றபின், 1950-களில் திட்டமிட்டு உருவாக்கப்பட்டது. அங்குள்ள வீதிகளுக்குச் சாந்திபத், நீதி மார்க்கம், பஞ்சசீல மார்க்கம், கௌடில்ய மார்க்கம் என்றெல்லாம் பெயர் சூட்டினார்கள். நம் தமிழ்நாடு இல்லத்துக்கும் அந்தக் கௌடில்ய மார்க்கத்தில் மனை உண்டு. ஊரிலிருந்து வந்த உறவினரை அழைத்துக்கொண்டு அவ்வழியே செல்பவர்கள், சாணக்கியர் என்றால் அரசியல் சூழ்ச்சி, கௌடில்யர் என்றால் அர்த்தசாஸ்திரம் என்று இரண்டு சொல்லில் விளக்கிவிட்டு அப்பால் செல்வது வழக்கம். அந்த அர்த்தசாஸ்திரத்தில் குதிரைக்கென்றே ஓர் அத்தியாயம் இருப்பதும், பழக்கப்பட்ட குதிரை எத்தனை வகையாகத் தாண்டும் என்பதை அந்நூல் எண்ணிச் சொல்வதும் பலர் அறியாத செய்திகள்.

அந்தப் பகுதிக்கும் குதிரைக்கும் வேறு தொடர்புகளும் உண்டு. ஒரு பக்கம் குடியரசுத் தலைவர் மாளிகை வளாகம். 1773-ஆம் ஆண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் காசியில் திரட்டிய குதிரை வீரர் குழுவே, பல மாறுதல்களுக்குப் பின், குடியரசுத் தலைவரின் மெய்க்காவற் படையாக அங்கே பணியாற்றி வந்திருக்கிறது. மறுபக்கம் தில்லிப் படைவீட்டுப் பகுதி. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் குதிரையேற்றப் போட்டிகள் நடந்த மைதானம் அங்கே இருக்கிறது. ஆகவே, குதிரை தாண்டும் கலையின் வரலாற்றைப் பேசுவதற்குச் சாணக்யபுரியைக் காட்டிலும் பொருத்தமான தொடக்கம் கிடைப்பது அரிது.

முதலில் ஒரு சுவடியின் கதையைச் சொல்ல வேண்டும். அர்த்தசாஸ்திரம் என்றொரு நூல் இருந்தது என்பதைப் பழைய ஆசிரியர்கள் குறித்த சிற்சில செய்திகளால் மட்டுமே அறிஞர்கள் நெடுங்காலம் அறிந்திருந்தனர். நூல் கைக்குக் கிட்டவில்லை. தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர், கிரந்த எழுத்தில் எழுதிய ஓலைச்சுவடி ஒன்றை மைசூர் அரசாங்கத்தின் கீழ்த்திசை நூலகத்தில் கொண்டுவந்து சேர்த்தார். அந்நூலகத்தில் பணியாற்றிய ஷாம சாஸ்திரி 1905-ஆம் ஆண்டில் அதன் அருமையை உணர்ந்தார்; 1909-இல் மூலத்தை அச்சிட்டார்; 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை நூலாக வெளியிட்டார். பாடலிபுத்திரத்து அமைச்சர் பெயரால் வழங்கும் நூல், காவிரிக் கரையில் ஓலையில் உயிர்தரித்திருந்து, பிறகு உலகுக்குத் திரும்பியது. அதை இயற்றியவர் சந்திரகுப்த மௌரியரின் அமைச்சர்தாமா, அல்லது பல நூற்றாண்டுகளில் பலர் கைபட்டு வளர்ந்த நூலா என்ற ஆராய்ச்சி இன்றும் முடியவில்லை. கிறிஸ்துவுக்குப் பிந்திய முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் அது இன்றைய வடிவத்தை அடைந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகின்றனர்.

அந்நூலின் இரண்டாம் பகுதியில் அசுவாத்தியட்சன் என்னும் அதிகாரியின் கடமைகள் கூறப்படுகின்றன. குதிரைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். அவன் முதலில் செய்ய வேண்டியது கணக்கு எழுதுவது. பரிசாக வந்தவை, விலைக்கு வாங்கியவை, போரில் கிடைத்தவை, இலாயத்திலேயே பிறந்தவை என்று ஒவ்வொன்றுக்கும் பிறப்பு, வயது, நிறம், அங்க அடையாளம், வந்த வழி ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். இலாயம் எவ்வாறு அமைய வேண்டும், என்ன தீனி எந்த அளவில் தர வேண்டும் என்பவையெல்லாம் நுணுக்கமாக விதிக்கப்பட்டுள்ளன. இலாயத்தில் குரங்கு, மயில், கீரி, கிளி முதலியவற்றுக்கும் இடம் தரச் சொல்கிறது நூல். மருத்துவரின் கவனக்குறைவால் குதிரையின் நோய் முற்றினால் சிகிச்சைச் செலவைப்போல் இருமடங்கு அபராதம். குதிரை இறந்துபோனால் அதன் விலையே அபராதம். குதிரையை அரசின் செல்வமாக மதித்த காலம் அது.

பழக்கத்தைப் பற்றிக் கூறும்போது, குதிரையின் இயல்பை மூன்றாக வகுக்கிறது அந்நூல்: கடுமையானது, நற்குணமுள்ளது, மந்தமானது. எல்லாக் குதிரைக்கும் ஒரே பாடம் பொருந்தாது என்ற உண்மை இதில் அடங்கியிருக்கிறது. பிறகு நடைகளைச் சொல்லும்போது, வட்டமிட்டு ஓடுதல், மெல்ல நடத்தல், தாண்டுதல், விரைந்தோடுதல், சைகைக்கு ஏற்ப இயங்குதல் என்று ஐந்தாகப் பிரிக்கிறது. தாண்டுதலில் மட்டும் ஏழு வகை. குரங்கைப்போல் தாவுவது ஒன்று. தவளையைப்போல் தாவுவது ஒன்று. ஒற்றைக் காலை ஊன்றித் தாவுவது ஒன்று. குயிலைப்போல், கொக்கைப்போல் என்று பறவைகளை உவமையாக்கியவை இரண்டு. மார்பு நிலத்தை உரசுவதுபோல் தாழ்ந்து பாய்வது மற்றொன்று. ஒருவன் இலாயத்தின் வாயிலில் பல நாட்கள் நின்று கூர்ந்து பார்த்தாலன்றி இத்தகைய பகுப்புத் தோன்றாது.

தாண்டுதலுக்கு அந்நூல் வழங்கும் சொல் ‘லங்கனம்’. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்கு இச்சொல்லின் குடும்பம் நன்கு பழகியது. அஜீரணத்துக்கு வைத்தியர் விதிக்கும் லங்கணம், ஒரு வேளைச் சோற்றைத் தாண்டிச் செல்வது. தில்லி அலுவலகங்களின் சுற்றறிக்கைகளில் நாள்தோறும் கண்ணில் படும் ‘உல்லங்கன்’ என்ற ஹிந்திச் சொல், விதியைத் தாண்டுவது. நாம் மீறுதல் என்கிறோம். அனுமன் கடலைத் தாண்டிய செயலை வடமொழியாளர் சமுத்திர லங்கனம் என்பர். கம்பர் காவியத்தில் சுந்தர காண்டத்தின் முதற்படலம் ‘கடல் தாவு படலம்’ என்று பெயர் பெறுகிறது. உணவு, சட்டம், கடல் ஆகிய மூன்றையும் ஒரே வேர்ச்சொல் தாண்டிவிட்டது!

ஆனால் இந்தப் பட்டியலில் நம் கருத்தைக் கவர வேண்டியது ஐந்தாவது வகை. சைகைக்கு ஏற்ப இயங்குவதைத் தனியொரு நடையாகவே நூல் வகுத்திருக்கிறது. குதிரை இயல்பாகவே ஓடும். அச்சம் வந்தால் இயல்பாகவே தாண்டவும் செய்யும். முதுகில் ஒருவனைச் சுமந்துகொண்டு, அவன் குறிப்பறிந்து, அவன் காட்டும் இடத்தில் தாண்டுவதே கல்வி. அக்கல்வியை எவ்வாறு புகட்டுவது?

இதற்கு விடை தேடினால், கிரேக்க நாட்டு வரலாற்றாசிரியரும் குதிரைப்படைத் தலைவருமான செனபோன் நினைவுக்கு வருகிறார். கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அவர் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூல் முழுமையாகக் கிடைத்திருக்கிறது. தாண்டப் பழகாத குதிரையை அகழியின் அருகே கொண்டுபோய், மனிதன் முதலில் தான் தாண்டி, தளர்ந்த கயிற்றால் அதை அழைக்க வேண்டும் என்கிறார் அவர். முதலில் சிறிய பள்ளம், பிறகு பெரியது. ஏறி அமர்ந்து தாண்டும்போது பிடரி மயிரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கடிவாளம் இழுபட்டுக் குதிரையின் வாய் நோகாது. வற்புறுத்தலால் செய்வதைக் குதிரை அறிந்து செய்வதில்லை என்பதும் அவர் கருத்து. அக்காலத்துக் கிரேக்கருக்கு இன்றைய சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. ஆயினும் பாடத்தின் சாரம் அவருக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டின் நிலை என்ன? நம் மொழியில் குதிரைக்குப் பஞ்சமில்லை. பரி, புரவி, மா, வாசி என்று பெயர்கள். கலினம், குசை, சேணம், அங்கவடி என்று கருவிகள். குதிரை பழக்குவோர் வாதுவர். பழக்கும் வெளி செண்டுவெளி. குதிரையின் ஓட்டத்தை ஐந்து கதியாகப் பிரித்து நிகண்டு நூலார் பெயரிட்டனர். மயூரகதி, வானரகதி என்பவை அவற்றுட் சில. கௌடில்யர் நூலில் கண்ட குரங்கு இங்கேயும் வந்து நிற்பதை நேயர்கள் கவனித்திருக்கலாம். வேலூர்க் கோட்டைக் கோயிலின் கலியாண மண்டபத்திலும், திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்திலும், முன்கால்களை உயர்த்தி எழும் குதிரைகளைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். உடலின் பாரம் முழுவதும் பின்னங்கால்களில் இறங்க, முன்னங்கால்கள் மடிந்து எழும் அந்த நிலை, குதிரை தாண்டுவதற்கு நிலத்தை விட்டெழும் கணத்தை ஒத்திருக்கிறது. அச்சிற்பிகள் உயிருள்ள குதிரையை உற்றுப் பார்த்தவர்கள் என்பதில் ஐயமில்லை.

ஆனால் குதிரை நம் மண்ணில் பெருகிய விலங்கன்று. அது கடல்வழியாக வந்ததைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சோழர் கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். பாண்டியன் தந்த பொருளுடன் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் மாணிக்கவாசகரானார் என்ற வரலாற்றைக் கேட்டு வளராத தமிழ்க் குழந்தை இல்லை. நரி பரியான கதையை நாம் இறைவனின் திருவிளையாடலாகப் போற்றுகிறோம். அக்கதைக்குப் பின்னால், அரசாங்கக் கருவூலத்தின் பெரும்பகுதி குதிரை வாணிகத்தில் கரைந்த ஒரு காலத்தின் நினைவும் இருக்கிறது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ அந்தக் காலத்தைக் கண்டவர். அரசரும் அவர் சகோதரரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளை ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகச் சிலவே எஞ்சின என்றும் அவர் எழுதினார். குதிரையைப் பேணத் தெரிந்தவர்கள் இல்லை. சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துத் தீனியாகக் கொடுத்தார்கள். குதிரை மருத்துவர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர்களே தடுத்துவந்தார்கள் என்பன அவர் கூறும் காரணங்கள். வசாப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் இறக்குமதியாயின என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் விலை தரப்பட்டது என்றும் குறித்தார். எண்களில் மிகை இருக்கலாம். விற்பவர் நாட்டார் வாங்குபவர் நாட்டாரை அறிவிலிகள் என்று சொல்வதும் உலக இயல்பு. கடலோரத்துப் புழுக்கமும், மேய்ச்சல் நிலத்தின் குறைவும் குதிரைகளை வாட்டியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது. இவற்றையெல்லாம் கழித்தபின்னும் ஓர் உண்மை நிற்கிறது. குதிரை ஆயிரக்கணக்கில் வந்தது. அதைப் பழக்கும் கைகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. பொன் கொடுத்தால் பரி கிடைக்கும். பரியைப் பேணும் அறிவு, ஒருவர் மற்றொருவருக்குக் கைப்பட உணர்த்த, ஆண்டுக்கணக்கில் வளர வேண்டிய பொருள்.

அந்த அறிவு எத்தகையது என்பதை அறியக் குதிரை தாண்டும் முறையைச் சிறிது பார்க்க வேண்டும். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் அமைந்தவை. ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது ஒரே வேளையில் காணும். ஆயினும் நெற்றிக்கு நேர் முன்னே சிறிதளவு இடம் அதற்குத் தெரியாது. ஆதலால் தடைக்கம்பை மிக நெருங்கும்போது, சற்று முன்பு கண்டதன் நினைவைக் கொண்டே அது எழுகிறது. நிறங்களையும் அது நம்மைப்போல் காண்பதில்லை. செம்மஞ்சள் நிறம் அதன் கண்ணுக்குப் புல்லின் பசுமையிலிருந்து பிரிந்து தெரிவதில்லை என்று ஆராய்ந்தறிந்த பிரிட்டானியப் பந்தயத் துறையினர், 2022 முதல் தடைகளின் செம்மஞ்சள் பகுதிகளை வெண்மையாக மாற்றத் தொடங்கினர். குறையப் பார்த்து, நினைவாலும் நம்பிக்கையாலும் தாண்டுகின்ற விலங்கு அது. முதுகில் இருப்பவர் ஒருமுறை கடிவாளத்தைச் சுண்டி இழுத்தால், அடுத்தமுறை கம்பைக் கண்டதும் அதற்கு வாயின் வலி நினைவுக்கு வரும்.

ஆகவே தேர்ந்த ஆசிரியர்கள் இளங்குதிரைக்கு முதலில் உயரத்தைக் காட்டுவதில்லை. நான்கு வயதளவில் எலும்பு ஓரளவு உறுதிப்படும் வரை பொறுத்திருக்கிறார்கள். பிறகு கம்புகளைத் தரையிலேயே கிடத்தி, நாலரை அடிக்கு ஒன்றாக வரிசைப்படுத்தி, பெருநடையில் அவற்றின் மேல் நடத்துகிறார்கள். குதிரை தன் அடியைத் தானே அளக்கக் கற்கிறது. அடுத்து, இரண்டு கம்புகளைக் குறுக்காகச் சார்த்தி, நடுவே தாழ்ந்த ஒரு தடை. நடுவிடம் தாழ்வாக இருப்பதால் குதிரை தானாகவே நடுவை நாடும். அதன்பின் ஒற்றைக் கம்பு. பிறகு அகலமும் உயரமும்.

இப்பாடம் இடையில் விட்டுப்போவதும் உண்டு. குதிரைக்குக் கால் நோகலாம்; ஏறுபவர் வேறு ஊருக்கு மாற்றலாகலாம்; மழைக்காலத்தில் மைதானம் சேறாகலாம். சில மாதங்கள் கழித்து மீண்டும் தொடங்கும்போது, விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்றே எவருக்கும் ஆசை தோன்றும். அங்கேதான் இடர். ஓய்விலிருந்த குதிரைக்கு மூச்சு விரைவில் திரும்பிவிடும். தசையும் ஓரளவு விரைவில் திரும்பும். தசைநாணும் எலும்பும் பழைய வலுவை அடைய நெடுநாள் வேண்டும். உள்ளம் ஊக்கம் கொள்ள, கால் ஒத்துழைக்காத நிலை அது. குதிரை துள்ளுவதைக் கண்டு, அது தயாராகிவிட்டதென்று எண்ணி உயரத்தைக் கூட்டுபவர், காலையும் கெடுப்பார், நம்பிக்கையையும் கெடுப்பார். ஆகவே பழைய ஆசிரியர்கள், முன்பு நான்கடி தாண்டிய குதிரையையும் தரைக்கம்புக்கே திரும்பக் கொண்டுவருவார்கள். ஏறுபவருக்கும் அதுவே விதி. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் தம் பழைய இணக்கத்தைப் பெறும்வரை தாழ்ந்த தடையே அவருக்கும் ஆசான்.

இந்த உண்மையை உலகம் ஒருமுறை மறந்து, மீண்டும் கற்றுக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குதிரைப்படைகளில், தாண்டும்போது வீரன் பின்னோக்கிச் சாய்ந்து கடிவாளத்தை இழுக்க வேண்டும் என்பதே முறையாக இருந்தது. பாரம் குதிரையின் இடுப்பில் விழும், வாய் இழுபடும், முதுகு வளைய முடியாது. 1868-இல் பிறந்த பெதரிகோ காப்ரில்லி என்ற இத்தாலியப் படை அதிகாரி, ஆள் ஏறாத குதிரை எவ்வாறு தாண்டுகிறது என்று கூர்ந்து கவனித்தார். குதிரைக்கு மனிதன் பழகுவதற்குப் பதிலாக, மனிதனுக்குக் குதிரையைப் பழக்குவதே பிழை என்று கண்டார். அங்கவடியைச் சுருக்கி, உடலை முன்னே சாய்த்து, கையை நெகிழ்த்து, குதிரையின் முதுகையும் கழுத்தையும் விடுவிக்கும் புதிய இருக்கையை வகுத்தார். 1902-இல் தூரின் நகரில் அவர் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். 1907-இல் குதிரையிலிருந்து விழுந்து மாண்டார். அவர் எழுதி வைத்தது சிறிதே; ஆனால் அவர் மாணவர்கள் வழியாக அம்முறை எங்கும் பரவியது. பிடரியைப் பற்றிக்கொள் என்று செனபோன் சொன்னதும், கையை நெகிழவிடு என்று காப்ரில்லி சொன்னதும் ஒன்றே. இடையில் கழிந்தவை 2,200 ஆண்டுகளுக்கு மேல்.

பொறுமையின் பயனுக்கு மற்றொரு சான்று சிலி நாட்டிலிருந்து கிடைக்கிறது. அங்கே ஒரு குதிரை பந்தயத்துக்கென வளர்க்கப்பட்டது. பந்தயத்தில் அது சோபிக்கவில்லை. வேறு பயிற்சிகளிலும் நிலைக்கவில்லை. பின்னர் தாண்டும் பாடத்துக்குத் திருப்பப்பட்டு, ‘உவாசோ’ என்ற பெயருடன் படைத்தலைவர் அல்பெர்த்தோ லார்ராகிபெலின் கைக்கு வந்தது. 1949 பிப்ரவரி 5-ஆம் நாள், தன் 16-ஆம் வயதில், அது 2.47 மீட்டர் உயரத்தைத் தாண்டியது. அன்று முதல் முயற்சியும் இரண்டாம் முயற்சியும் பலிக்கவில்லை; மூன்றாவதே பலித்தது. எட்டடிக்கும் மேற்பட்ட அந்த உயரத்தை அதன்பின் முக்கால் நூற்றாண்டாக எந்தக் குதிரையும் மிஞ்சவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சாணக்யபுரியின் ஓரத்தில், தீன் மூர்த்தி சதுக்கத்தில் மூன்று வீரர்களின் சிலைகள் நிற்கின்றன. முதல் உலகப்போரில் பணிபுரிந்த ஜோத்பூர், மைசூர், ஹைதராபாத் சமஸ்தானங்களின் ஈட்டிக் குதிரைப்படைகளுக்கு 1922-இல் எழுந்த நினைவுச் சின்னம் அது. 1918 செப்டம்பர் 23-ஆம் நாள் ஜோத்பூர்ப் படையும் மைசூர்ப் படையும் பீரங்கிகளையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் எதிர்த்துக் குதிரையில் பாய்ந்து ஹைபா நகரைக் கைப்பற்றின. 2018-இல் அச்சதுக்கத்தின் பெயருடன் ஹைபா என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. வீரர் மூவரும் தரையில் நிற்கிறார்கள். குதிரைப்படையின் நினைவுச் சின்னத்தில் குதிரை இல்லை. தெரிந்தோ தெரியாமலோ சிற்பி பின்வரும் காலத்தைக் காட்டிவிட்டார் என்று சொல்லத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில ஆண்டுகளில் இந்தியக் குதிரைப்படைகள் குதிரையை விட்டு இயந்திர ஊர்திகளுக்கு மாறிவிட்டன.

அத்துடன் அக்கலை முடிந்திருக்கக்கூடும். சமஸ்தானங்கள் இந்தியாவுடன் இணைந்தபின், அவற்றின் குதிரைப்படைகளில் எஞ்சியவற்றை ஒன்றுசேர்த்து 1953-இல் குவாலியரில் 61-ஆம் குதிரைப்படையை அமைத்தனர். பின்னர் அது ஜெய்ப்பூரில் நிலைகொண்டது. போருக்குக் குதிரை வேண்டாத காலத்தில் எதற்கு இது என்று கேட்பவர்கள் கேட்டிருப்பார்கள். ஆனால் அணிவகுப்புக்கென வைத்த அந்தக் குதிரைகளின் நிழலில் லாயக்காரர், இலாடம் அடிப்பவர், மருத்துவர், பயிற்சி ஆசிரியர் ஆகிய ஒரு முழுப் பரம்பரையும் தப்பிப் பிழைத்தது.

அதன் விளைவு 1982-இல் தில்லியிலேயே தெரிந்தது. ஆசிய விளையாட்டு விழாவில் குதிரையேற்றம் முதன்முறையாக இடம்பெற்றது அந்த ஆண்டில்தான். நடைப்பயிற்சி, காடுமேடு கடந்தோடுதல், தடைதாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரையில் செய்துகாட்ட வேண்டிய முக்கூட்டுப் போட்டியில், 61-ஆம் குதிரைப்படையின் ரகுபீர் சிங், ‘ஷாஜாதா’ என்ற குதிரையில் தனிநபர் தங்கம் வென்றார். குழுத் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. தரையில் நட்ட முளையை ஈட்டியால் குத்தியெடுக்கும் போட்டியில் ரூபிந்தர் சிங் பிரார் தங்கம் பெற்றார். தனித் தடைதாண்டலில் முதன்மை நமக்கு வாய்க்கவில்லை. குவைத் நாட்டுப் பெண்மணி நாதியா அல் முதாவா அதை வென்றார். ஆடவரும் பெண்டிரும் ஒரே களத்தில் சமமாகப் போட்டியிடும் விளையாட்டு இது என்பதைத் தில்லி மக்கள் அன்று நேரில் கண்டனர்.

பிறகு ஒரு நீண்ட இடைவெளி. வெண்கலங்கள் சில வந்தன, தங்கம் வரவில்லை. 2018-இல் ஜகார்த்தா விழாவில் பெங்களூரைச் சேர்ந்த பவாத் மிர்சா முக்கூட்டுப் போட்டியில் தனிநபர் வெள்ளி வென்றார். தனிநபர் பதக்கம் ஒன்று நமக்குக் கிடைத்தது 36 ஆண்டுகளுக்குப் பின். குழு வெள்ளியும் அவ்விழாவில் கிடைத்தது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தடைதாண்டல் இறுதிச்சுற்றுவரை சென்று 23-ஆம் இடத்தில் நின்றார். 2023-இல் ஹாங்சௌ நகரில், சைகைக்கேற்ப நடக்கும் நடைப்பயிற்சிப் போட்டியில், இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும் அடங்கிய இந்தியக் குழு தங்கம் வென்றது. 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம் அது. கௌடில்யர் நூல் ஐந்தாவதாக வகுத்த அந்தக் குறிப்பறி நடையின் வழியாகவே அது வந்தது என்பது கருதத்தக்கது.

இந்த வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். பாண்டியரிடம் பொன் இருந்தது, குதிரையும் வந்தது, பழக்கும் பரம்பரை போதிய அளவில் அமையவில்லை. 1953-இல் இந்நாட்டிடம் பொன் குறைவாகவே இருந்தது. ஆயினும் எஞ்சிய பரம்பரையைச் சிதறவிடாமல் காத்தார்கள். அது பலன் தந்தது. அடுத்து வந்த நீண்ட இடைவெளிக்குப் பின்னும், மீண்டும் தொடங்கியவர்கள் தாழ்ந்த தடையிலிருந்தே தொடங்கி மேலே வந்தார்கள்.

ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இச்செய்தி அயலானதன்று. பாட்டி அறிந்த கோலம், தாத்தா அறிந்த பண், குழந்தை மறந்துவிட்ட எழுத்து என்று ஒவ்வொரு வீட்டிலும் இடையில் விட்டுப்போன பாடம் ஒன்று இருக்கிறது. அதை மீண்டும் எடுக்கும்போது, பத்து வயதுப் பிள்ளையின் கையில் அகர வரிசைப் புத்தகத்தைக் கொடுக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது. பெரிய நூல் ஒன்றைக் கொடுத்து, அவன் தடுமாறினால் சினம் கொள்கிறோம். குதிரைப் பயிற்சி ஆசிரியர்கள் அவ்வாறு செய்வதில்லை. பந்தயம் வென்று வந்த பரியானாலும், ஓய்வுக்குப் பின் திரும்பிவரும் முதல் நாளில், அதற்காகத் தரையில் கம்பு கிடத்தப்படுகிறது. அதைக் கடந்து நடந்தபின்னரே அடுத்த கம்பு ஒரு சாண் உயர்கிறது.